மாப்பிள்ளை காரும் மார்கழிப் பனியும்

ஐப்பசி மழை ஓய்ந்து காலையில் புல்மேல் நீர்ப்பனி மின்ன ஆரம்பித்தால் அப்பாவுக்குக் கை பரபரக்கும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர் நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் செடியால் மூடிவைக்கும் சமயத்தில், தலைக்குந்தாவில் எங்கள் வீட்டு வாசலில் காரை மூடும் வேலை நடக்கும். அப்பா அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஏறி இறங்கியே தலை நரைத்தவர். வண்டி விஷயத்தில் யார் தப்பு செய்தாலும் அதட்டித்தான் பழக்கம்.

எங்கள் காருக்கு நடக்கும் பனிக்கால வைத்தியம் எனக்கு மனப்பாடம். பேட்டரி முனையில் பூத்திருக்கும் வெள்ளையைக் கழுவி வாஸ்லின் தடவ வேண்டும். வைப்பர் ரப்பரை மாற்ற வேண்டும். ராத்திரி வைப்பரைத் தூக்கி நிறுத்திவிட்டு, முன்கண்ணாடிமேல் பழைய கம்பளியைப் போர்த்த வேண்டும். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் வண்டியைக் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுக்க வேண்டும். இதில் பேட்டரிதான் அப்பாவுக்கு உயிர். குளிர் ஜீரோவைத் தொட்டால் பேட்டரியின் பலத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அதே நேரத்தில் ஆயில் கெட்டிப்பட்டு, இன்ஜினைச் சுற்றிவிட வழக்கத்தைவிட அதிக பலம் கேட்கும். வரவு குறைகிற மாதத்தில்தான் செலவும் கூடும், வீட்டுக் கணக்கு மாதிரியே.

போன மார்கழியில் தங்கையும் மாப்பிள்ளையும் சென்னையிலிருந்து காரில் வந்தார்கள். மாப்பிள்ளை புதிதாக வாங்கிய பழைய டீசல் கார். வாசலில் நிறுத்தியதும் அப்பா பானட்டைத் திறக்கச் சொன்னார். அப்புறம்தான் உள்ளே காபி.

இன்ஜின் சூட்டைத் தணிக்கும் கூலன்ட் டப்பாவில் பச்சை நிறம் இருக்க வேண்டிய இடத்தில் நிறமே இல்லை.

"கல்லாறு தாண்டினதும் மீட்டர் கொஞ்சம் ஏறிச்சு மாமா. பர்லியாறுல நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணி ஊத்திட்டேன்" என்றார் மாப்பிள்ளை.

அப்பாவின் முகம் சிவந்தது. ஆனால் எதிரில் நிற்பது மாப்பிள்ளை. கல்யாணமாகி ஒரு தீபாவளிதான் முடிந்திருக்கிறது. மெதுவாக என் பக்கம் திரும்பினார். "வெறும் தண்ணிய ஊத்திட்டு ஊட்டி ஏறுறவனை என்னடா சொல்றது?" நான் எங்கேயும் ஏறவில்லை, காலையிலிருந்து வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கை கண்ணைக் காட்டினாள். அடுத்து வந்த நாட்களுக்கு இதுவே ஏற்பாடு ஆகிவிட்டது. தப்பு மாப்பிள்ளையுடையது, திட்டு என்னுடையது.

மெக்கானிக் பட்டறையில் பழையதை வடித்துவிட்டு, கூலன்டும் பேட்டரிக்கு ஊற்றும் சுத்தத் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றினார்கள். இந்தக் கலவை மைனஸ் முப்பதிலும் உறையாது. ஊட்டிக்கு அவ்வளவு தேவையில்லைதான். ஆனால் இது சீக்கிரம் கொதிக்கவும் செய்யாது, உள்ளே துருவையும் அண்டவிடாது. மலை ஏறும் வண்டிக்குக் குளிரைவிட அதுதான் பெரிய விஷயம்.

அடுத்தது எலி. குளிர் ஏறினால் எலிக்கும் கணகணப்பு வேண்டும், ஓடி நின்ற இன்ஜினைவிட நல்ல மெத்தை அதற்கு எங்கே கிடைக்கும்? வந்தது சும்மாவும் படுக்காது, ஒயரைக் கடித்துப் பார்க்கும். இதற்கு அப்பா கண்ட மருந்து புகையிலை. மார்க்கெட்டில் வாங்கிய காய்ந்த இலையைத் துணியில் முடிந்து, சைலன்சர் சூடு படாத இடமாகப் பார்த்து, மாப்பிள்ளை காரின் முன்கண்ணாடிக்குக் கீழே இருக்கும் காற்றுச் சல்லடை ஓரமாகக் கட்டினார். எலி போகுமா போகாதா என்பதை எலிதான் சொல்ல வேண்டும். எனக்கு உடனே தும்மல் வந்தது.

"ராத்திரி காட்டெருமை வந்து வண்டிய முட்டாதா மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். "அதுக்கெல்லாம் வாஸ்லின் தடவி ஒண்ணும் ஆகாது மாப்ளே" என்றார் அப்பா, மிகுந்த மரியாதையுடன்.

கம்பளியை மட்டும் மாப்பிள்ளை வேண்டாம் என்றுவிட்டார். கண்ணாடியில் கீறல் விழுமாம். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

விடிந்தபோது புல்வெளி முழுக்க வெள்ளை. கம்பளி போர்த்திய எங்கள் கார் கண்ணாடி ஈரம்கூட இல்லாமல் இருந்தது. மாப்பிள்ளை காரின் கண்ணாடியில் உறைபனி அப்பியிருந்தது. மேகமில்லாத ராத்திரியில் கண்ணாடி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்து போகும். அதனால் காற்று இரண்டு மூன்று டிகிரியில் இருந்தாலும் அதன்மேல் பனி உறைந்துவிடும். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பொடிப்பொடியாக உதிர்ந்து நகக்கண்ணில் ஏறி, சுரீர் என்றது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை கொதிக்கும் கெட்டிலோடு வெளியே வந்தார். மங்கி குல்லா அணிந்த அப்பா அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. "காபிக்கா மாப்ளே? குடுங்க குடுங்க, நான் கலக்கறேன்!" கெட்டிலைப் பிடுங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "சில்லுனு இருக்கிற கண்ணாடியில வெந்நீர் ஊத்தினா விரிசல் விட்டுடும்னு உனக்கு எத்தனை தடவைடா சொல்றது?"

மாப்பிள்ளை சளைக்கவில்லை. உள்ளே போய் ஃபிரிட்ஜ் மேலிருந்து ஒரு பிளாஸ்டிக் அட்டையை எடுத்து வந்து கண்ணாடியைச் சுரண்ட ஆரம்பித்தார். நன்றாகவே வந்தது. பாதி கண்ணாடி தெளிந்திருக்கும். சமையலறை ஜன்னலிலிருந்து அம்மாவின் குரல்.

"ஐயோ, அது ரேஷன் கார்டு! பொங்கல் பரிசு எதைக் காட்டி வாங்கறதாம்?"

எங்கள் வீட்டில் மாப்பிள்ளையை நேருக்கு நேர் அதட்டிய முதல் ஆள் அம்மாதான். அப்பாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மீதிப் பனியைக் காலாவதியான என் ஏடிஎம் கார்டால் சுரண்டினோம். அந்தக் கார்டு உருப்படியாகச் செய்த ஒரே வேலை அதுதான்.

ஸ்டார்ட் செய்வதற்கும் பாடம் நடந்தது. டேஷ்போர்டில், டீசல் இன்ஜின் உள்ளே சூடேறும்வரை எரியும் சுருள் விளக்கு அணையும்வரை பொறுத்து, கிளட்சை முழுக்க மிதித்து, அப்புறம் சாவியைத் திருப்பச் சொன்னார். வண்டி பிடித்துக்கொண்டது. பிடித்ததும் மூச்சுக் காற்றில் கண்ணாடி உட்பக்கம் புகை மூடியது. "ஏசியப் போடச் சொல்லுடா" என்றார் அப்பா என்னிடம். "இந்தக் குளிர்லயா?" என்று மாப்பிள்ளையும் என்னிடமே கேட்டார். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். கூடவே ஹீட்டரையும் வைத்து, வெளிக்காற்று வரும்படி விட்டால் கண்ணாடி சட்டென்று தெளியும். தெளிந்தது. மாப்பிள்ளை அசந்துபோய், ஊருக்குப் போகும்போதும் அப்படியே வைத்துக்கொண்டு இறங்கினார்.

வெளிக்காற்று எந்தச் சல்லடை வழியாக உள்ளே வரும் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அவர்கள் சென்னை போய்ச் சேர்ந்த மறுநாள் சம்பந்தியம்மா போன் செய்தார். நலம் விசாரித்து, மழை விசாரித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு விஷயத்துக்கு வந்தார். "தப்பா நினைச்சுக்காதீங்க. கார் கதவைத் திறந்தாலே போயிலை நாத்தம். எங்க பையனுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. அங்க வந்த இடத்துல யாராச்சும்..."

அம்மா பதறிப்போய், ஐயையோ அப்படியெல்லாம் இல்லை, எலி வராமல் இருக்க இவர் கட்டிவிட்டது என்று முழுக்கதையையும் விளக்கினார்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்போ அந்த வண்டிக்குள்ள எலி வேற இருக்கா?"