அப்போது பார்த்துக்கொள்ளலாம்

கைனேஸ் என்பது மற்ற புரதங்களில் பாஸ்பேட் ஏற்றும் நொதி. அதை நிறுத்தும் மருந்துகளான கைனேஸ் தடுப்பான்களோடு வேலை செய்கிற எல்லாருக்கும் இந்தச் சந்தேகம் வந்திருக்கும். மருந்தைச் சேர்த்தோம், நாம் பார்க்கும் புரதத்தில் பாஸ்பேட் குறைந்தது, செல்கள் செத்தன. சரி. ஆனால் செத்தது நம்முடைய கைனேஸ் நின்றதாலா, அல்லது அந்த மருந்து நமக்குத் தெரியாமல் தொட்ட வேறொன்றாலா? மனித மரபணுத் தொகுதியில் 2002ல் எடுத்த கணக்குப்படி 518 கைனேஸ்கள். அநேகமாக எல்லாவற்றிலும், பாஸ்பேட்டைக் கொடுக்கும் ஏடிபி மூலக்கூறு வந்து உட்காரும் பள்ளம் ஒன்று உண்டு, பெரும்பாலான மருந்துகள் குறிவைப்பதும் அதைத்தான். ஒரே மாதிரிப் பூட்டு போட்ட ஐந்நூறு வீடுகள் உள்ள தெருவில் ஒற்றைச் சாவியோடு நடப்பது மாதிரி.

இந்தச் சந்தேகத்தை வைத்துத்தான் ஒரு மாணவியின் கட்டுரையை நிறுத்தி வைத்தேன். நிறுத்தியது தவறு என்று இப்போதும் நான் நினைக்கவில்லை. உறுத்துவது அது இல்லை.

அவள் கையில் இருந்தவை மோசமான தரவுகள் அல்ல. மருந்தின் அளவை ஏற்ற ஏற்ற, புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் வெஸ்டர்ன் பிளாட்டில், பாஸ்பேட் ஏறிய புரதத்தின் பட்டை படிப்படியாக மங்கியது. மொத்தப் புரதத்தின் பட்டை அப்படியே நின்றது. கைனேஸ் உருவாகாமலே தடுக்கும் எஸ்ஐஆர்என்ஏ என்ற சிறு ஆர்என்ஏவை இரண்டு வேறு வரிசைகளில் செய்திருந்தாள், இரண்டிலும் செல்கள் செத்தன. ஜீனையே வெட்டி எடுக்கப் பார்த்தபோது, வெட்டிய செல்லிலிருந்து பெருக வேண்டிய குளோன்கள் வளரவில்லை. "வளராததே ஒரு சான்றுதானே மேடம்" என்றாள். வளராத குளோன் எதற்கும் சான்று ஆகாது என்றேன். எஸ்ஐஆர்என்ஏவுக்கும் என்னிடம் பதில் இருந்தது: அது புரதத்தையே இல்லாமல் ஆக்குகிறது, மருந்து அதன் வேலையை மட்டும் நிறுத்துகிறது. சில கைனேஸ்கள் பாஸ்பேட் ஏற்றுவதோடு, மற்ற புரதங்களைப் பிடித்து வைக்கும் சட்டகமாகவும் இருக்கின்றன. ஆளே இல்லாததும் ஆள் வேலை செய்யாமல் இருப்பதும் ஒன்றல்ல. அப்போது நான் சொன்ன ஒவ்வொன்றும் சரிதான். இன்று திரும்பப் படித்தாலும் சரியாகத்தான் இருக்கிறது.

நான் கேட்டது கேட்கீப்பர் மியூட்டன்ட், அதாவது மருந்து நுழையாதபடி வாயிலில் ஓர் அமினோ அமிலத்தை மாற்றிய கைனேஸ். இமாட்டினிப் என்ற கைனேஸ் தடுப்பானை எடுத்துக்கொண்ட ரத்தப் புற்றுநோயாளிகள் சிலரிடம், அந்த மருந்தின் இலக்கான பிசிஆர்-ஏபிஎல் கைனேஸின் 315ஆவது இடத்தில் த்ரியோனின் போய் ஐசோலூசின் வந்துவிடுகிறது. அந்த இடம் மருந்துப் பள்ளத்தின் வாயிலில் இருக்கிறது. மருந்து உள்ளே போக முடியாது, கைனேஸ் தன் பாட்டுக்கு ஓடும், நோய் திரும்பும். நோயாளிக்குக் கெட்ட செய்தி; எங்களுக்கு அதுவே ஒரு கருவி. நம் கைனேஸில் அதே மாதிரி ஒரு மாற்றம் செய்து செல்லில் போட வேண்டும். பிறகு மருந்தைச் சேர்த்தும் செல் பிழைத்தால், முன்பு அது செத்தது இந்தக் கைனேஸ் வழியாகத்தான் என்று அடித்துச் சொல்லலாம்.

அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "மியூட்டன்ட்டைப் போட்டும் செல் செத்துட்டா என்னன்னு எடுத்துக்கிறது மேடம்?"

அந்த இடத்தை மாற்றினால் பல கைனேஸ்களில் இயக்கமே குறைந்துவிடும். ஆகவே செல் செத்தால், மருந்து வேறு எதையோ தொட்டுக் கொல்கிறது என்றும் சொல்லலாம், நாம் போட்ட மியூட்டன்ட் நொண்டி என்றும் சொல்லலாம். பிழைத்தால் மட்டும்தான் விடை. இதை அவள் இவ்வளவு நீட்டிச் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை. நான் சொன்ன பதில்: "அப்போது பார்த்துக்கொள்ளலாம்."

இதைத்தான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறேன். வேறு என்ன சொல்லியிருக்கலாம்? முதலில் சோதனைக் குழாயில் மியூட்டன்ட்டின் இயக்கத்தை அளந்துவிட்டுப் போகலாம் என்று சொல்லியிருக்கலாம். அதை எப்படியும் செய்தோம். இயக்கம் பாதிக்கும் கீழே இருந்தது. ஒரு செல் உயிரோடு இருக்க எவ்வளவு இயக்கம் போதும்? அதை எந்தக் குழாயும் சொல்லாது. கூடுதலாக உற்பத்தி செய்யவைத்து ஈடுகட்டலாம் என்றால், அளவுக்கு மீறிய கைனேஸ் தனக்குச் சம்பந்தமில்லாத புரதங்களிலும் பாஸ்பேட் ஏற்ற ஆரம்பித்துவிடும். கடைசியில் செல்களில் ஒரு பகுதி பிழைத்தது, ஒரு பகுதி செத்தது. அவள் கேள்விக்கு அப்படியே உருவம் கொடுத்தது போல ஒரு முடிவு. பல மாத வேலை.

என் பக்கத்து நியாயத்துக்கு நான் எப்போதும் எடுப்பது மெல்க் கைனேஸின் கதை. அன்று அவளிடமும் சொன்னேன். பல புற்றுநோய்களில் அது கூடுதலாக இருந்தது, எஸ்ஐஆர்என்ஏ போன்ற முறைகளில் குறைத்தபோது செல்கள் தளர்ந்தன, அதற்கென்று செய்த மருந்து மருத்துவப் பரிசோதனை வரை போய்விட்டது. 2017ல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஒரு குழு, ஜீன் வெட்டும் கருவியான கிரிஸ்பர் கொண்டு அந்த ஜீனை வெட்டிப் பார்த்தது. செல்கள் பாட்டுக்கு வளர்ந்தன. மெல்க்கே இல்லாத செல்களையும் அந்த மருந்து கொன்றது. 2019ல் அதே குழு வேறு பல மருந்துகளுக்கும் இதையே காட்டியது. இதைப் படித்த பிறகு ஒரு மேற்பார்வையாளர் வேறு எப்படி நடந்துகொள்வார்?

ஆனால் சமீபத்தில்தான் ஒன்று தோன்றியது. அந்த மெல்க் சோதனையில் எந்தப் பக்கம் முடிவு வந்தாலும் அதற்குப் பொருள் இருந்திருக்கும். மருந்து, தன் இலக்கே இல்லாத செல்லைக் கொன்றால் ஒரு விடை, கொல்லாவிட்டால் இன்னொரு விடை. நான் அதை உதாரணம் காட்டிவிட்டு, ஒரு பக்கம் மட்டும் பேசும் சோதனையைக் கேட்டேன். அவள் அங்கேயே இதைச் சுட்டிக்காட்டியிருக்கலாம். காட்டவில்லை. மரியாதையாலா, அலுப்பாலா, தெரியவில்லை. (நம் லேப் கூட்டங்களில் இரண்டும் வெளியே ஒரே மாதிரிதான் தெரியும்.)

எனக்கு எதிராக நானே சொல்லிக்கொள்ளும் கதையும் உண்டு. 1979ல் உயிரியலாளர் டோனி ஹண்டர், பாஸ்பேட் ஏறிய அமினோ அமிலங்களை மின்சாரத்தில் ஓடவிட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார். அதற்கான கரைசலான பஃபரில் பழையதையே திரும்பப் பயன்படுத்தியதால் அதன் பிஎச் 1.9இலிருந்து 1.7க்கு இறங்கியிருந்தது. புதிய பஃபரில் பாஸ்போத்ரியோனினோடு சேர்ந்தே ஓடும் பாஸ்போடைரோசின், அதில் தனியாகப் பிரிந்து நின்றது. டைரோசினில் பாஸ்பேட் ஏற்றும் டைரோசின் கைனேஸ் என்ற வகையே அப்படித்தான் கண்ணில் பட்டது. என் லேப்பில் யாராவது பழைய பஃபரைத் தொட்டால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும், அவர் அதோடு விட்டுவிடவில்லை. பாஸ்போடைரோசினைத் தானே தயாரித்து, பக்கத்தில் ஓடவிட்டு, புள்ளி பொருந்துகிறதா என்று பார்த்தார். பொருந்தும், அல்லது பொருந்தாது. சோதித்துப் பார் என்று நான் சொன்னதற்கு இதுவும் சாட்சிதான். எந்த மாதிரிச் சோதனை என்பதில் அவளுக்கும் சாட்சி.

இமாட்டினிப்பையே எடுத்துக்கொள்ளலாம். ஏபிஎல் தவிர அது கிட் கைனேஸையும் பிடிக்கிறது. அந்தக் "கலப்படம்" இருந்ததால்தான் 2002ல் அது ஜிஸ்ட் என்னும் இரைப்பை, குடல் கட்டிக்கும் மருந்தாக அனுமதிக்கப்பட்டது. சுத்தமான தடுப்பான்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்பது வேதியியலுக்கு நல்லது. நோயாளிக்கு எப்போதும் நல்லதா என்று சொல்லத் தெரியவில்லை.

கட்டுரை வெளிவந்தது. தலைப்பில் ஒரு "பங்கு வகிக்கலாம்" சேர்ந்தது, இதழ் ஒரு படி இறங்கியது. அந்த "லாம்" நேர்மையானது என்று எனக்குத் தோன்றியது, இன்றும் தோன்றுகிறது. ஆனால் மியூட்டன்ட் இல்லாமலே அதே "லாம்" போட்டிருக்க முடியும் என்பதும் உண்மை. பட்டம் முடித்தவள் கைனேஸ் பக்கமே திரும்பவில்லை. நான்தான் காரணமா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வாள், அதனால் கேட்டதில்லை.

அதற்கப்புறம் லேப்பில் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். பெரிய சோதனை எதையும் தொடங்குமுன், வரக்கூடிய ஒவ்வொரு முடிவுக்கும் என்ன பொருள் என்று எழுதிக்கொண்டு வர வேண்டும். போன வாரம் ஒரு மாணவன் கொண்டுவந்த தாளில் மூன்று முடிவுகளில் ஒன்றுக்கு நேராக "எதுவும் சொல்ல முடியாது" என்று எழுதியிருந்தான். நல்ல பையன், மறைக்கவில்லை. வரப்போவது அநேகமாக அதுதான் என்று எனக்கும் பட்டது. வேறு வழி இருக்கிறதா என்று ஒரு மணி நேரம் பேசினோம், பிடிபடவில்லை. செய்துவிடு என்றுதான் சொன்னேன்.