பாதி அடியில் பாதித் தண்ணீர் இல்லை

கிளிநொச்சிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 6, 7 பிள்ளைகளுக்குக் கணிதம் எடுக்கிறேன். பின்னம் தொடங்கினால் வகுப்பில் சத்தம் குறைந்துவிடும். ஆனால் இவர்களுக்குப் பின்னமே தெரியாது என்று சொன்னால் நான் நம்பமாட்டேன். கடையில் அரை றாத்தல் பாண் வாங்குகிறார்கள். அரிசி அளக்கிற அளவில் நாலு சுண்டு ஒரு கொத்து, ஆகவே ஒரு சுண்டு கால் கொத்து என்பது உலையில் அரிசி போடுகிற பிள்ளைக்குத் தெரியும். கொப்பியில் மேலும் கீழுமாக நிற்கிற இரண்டு எண்களுக்கும் அந்தச் சுண்டுக்கும் என்ன உறவு என்பதுதான் பிடிபடுவதில்லை. நாலு மூன்றைவிடப் பெரிது, ஆகவே 1/4 என்பது 1/3 ஐவிடப் பெரிது என்று அடித்துச் சொல்வார்கள்.

வட்டம் வரைந்து துண்டு போடுவதை நான் விட்டுவிட்டேன். வட்டத்தை மூன்றாகவோ ஐந்தாகவோ சமமாக வெட்டப் பெரியவர்களுக்கே கை வராது. பழைய கலண்டர் தாளில் ஒரே நீளக் கீலங்கள் போதும். இரண்டு, நாலு, எட்டு எல்லாம் மடித்தால் வந்துவிடும். ஐந்துக்கு ஒரு வழி உண்டு. கோடு போட்ட கொப்பித் தாளின் மேல் கீலத்தைச் சரித்து வைத்து, ஒரு முனை ஒரு கோட்டிலும் மறுமுனை அதிலிருந்து ஐந்தாவது கோட்டிலும் தொடும்படி செய்தால், நடுவில் கோடுகள் வெட்டும் இடங்களே சமபங்குகள். ஏழும் அப்படியே. இதைக் கண்டதும் அடிமட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லோரும் ஏழாகப் பிரிக்கத் தொடங்குவார்கள்.

ஒரு குழுவுக்கு மட்டும் வேண்டுமென்றே நீளமான கீலம் கொடுப்பேன். அவர்களுடைய மூன்றில் ஒன்று மற்றவர்களின் அரைவாசிக்குக் கிட்ட வந்து நிற்கும். பிறகு சண்டைதான். எதில் பாதி, எதில் மூன்றில் ஒன்று என்று அவர்களாகவே கேட்கும்வரை நான் வாய் திறப்பதில்லை. பாட்டு, விளையாட்டு, கேக் வெட்டுதல் எல்லாம் எனக்கு அவ்வளவு ஒத்துவராது. கேக் முடிந்தால் பாடமும் முடிந்துவிடும். சண்டை அடுத்த நாளும் இருக்கும்.

1/2 உடன் 1/3 ஐக் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளையிடம் பிழை என்று சொல்வதில்லை. மூன்று கீலங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்வேன். 2/5 அரைவாசிக்கும் குறைவு. அரைவாசியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்? ஆறாகப் பிரித்த கீலத்தைத் தேடி அவர்களே எடுப்பார்கள். பொதுப் பகுதியெண் என்ற பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

காணிப் பாடம் இன்னும் நல்லது. ஒரு ஏக்கர் 16 பரப்பு. நாலு பிள்ளைகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு நாலு பரப்பு. செவ்வகத் தாளில் இரண்டு மூலைவிட்டங்களையும் வரைந்தால் நாலு முக்கோணம் வரும். இரண்டு ஒடுக்கம், இரண்டு அகலம். சமமா? இல்லை என்றுதான் முக்கால்வாசிப் பேரும் சொல்வார்கள். ஒவ்வொன்றையும் நடுவால் வெட்டி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் எட்டுத் துண்டும் அச்சொட்டாகப் பொருந்தும். அப்போது ஒரு பெடியன், “ரீச்சர், எல்லாம் சமன்தான். ஆனா வாய்க்காலுக்குக் கிட்டக் கிடக்கிறது எனக்கு” என்றான். வயல்காரர் வீட்டுப் பிள்ளை வேறென்ன சொல்லும்!

வாய்க்கால் வந்தால், அதற்குத் தண்ணீர் விடுகிற இரணைமடுக் குளமும் வந்துவிடும். மழை குறைந்த காலத்து நெற்செய்கையான சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைக் குளத்துத் தண்ணீரைப் பார்த்துக் கூட்டத்தில் தீர்மானிப்பார்கள். பிள்ளைகள் அதை வீட்டில் கேட்டே வளர்கிறார்கள். குளம் நிரம்பினால் 36 அடி. அப்படியென்றால் 18 அடியில் பாதித் தண்ணீர் இருக்குமா என்று கேட்டேன். ஓம் என்று வகுப்பே சொன்னது. பிளாஸ்டிக் போத்தலின் அடியை வெட்டி, மூடி கீழே இருக்கும்படி தலைகீழாகப் பிடித்து, பாதி உயரத்துக்குத் தண்ணீர் விட்டோம். அதை ஒரு கோப்பையில் ஊற்றி வைத்துவிட்டு மறுபடி முழுக்க நிரப்பி அளந்தால், முன்பு விட்டது பாதிக்கு எட்டவே இல்லை. குளமும் அப்படித்தான், அடியில் ஒடுக்கம், மேலே அகலம்.

“அப்ப அடியைப் பாத்து எப்பிடித் தண்ணிக்கணக்குச் சொல்லுகினம்?” என்று ஒருத்தி கேட்டாள். எந்த அடிக்கு எவ்வளவு தண்ணீர் என்று அளந்து போட்ட அட்டவணை பொறியியலாளர்களிடம் இருக்கும் என்றேன். எங்கள் போத்தலுக்கும் ஒன்று செய்தோம். பக்கத்தில் கடதாசி ஒட்டி, ஒவ்வொரு சிறு மூடித் தண்ணீருக்கும் ஒரு கோடு. கீழே கோடுகள் தள்ளித் தள்ளி நின்றன, மேலே போகப் போக நெருங்கின. தவணை முடியுமுன் பாடத்திட்டத்தையும் முடிக்க வேண்டுமே. அந்தக் கடதாசியை வைத்தே அடுத்த வாரம் தசமத்தைத் தொடங்கிவிட்டேன்.