நர்ஸ் புகார் கொடுத்தால் சட்டம் எதைப் பார்க்கும்?

மார்பின் என்ற வலி மருந்தின் கணக்கு உதைக்கிறது. செய்யாத டிரெஸ்ஸிங்குக்கு பில் போயிருக்கிறது. நைட் டியூட்டியில் ஆள் போதாததை மறைக்க ரோஸ்டரைத் திருத்தியிருக்கிறார்கள். இதைக் கண்டு வாய் திறக்கும் நர்ஸுக்குப் பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனால் உண்மையைச் சொன்னார் என்பதற்காக மட்டும் அது கிடைத்துவிடாது. யாரிடம் சொன்னார், எந்தத் தேதியில் சொன்னார், கையில் என்ன பதிவு இருக்கிறது என்பதெல்லாம் கேட்கப்படும். நியாயம் தன் பக்கம் இருந்தும் தோற்றுப்போகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

முதலில், யாரிடம். வார்டு இன்சார்ஜிடம் வாய்மொழியாகச் சொன்னது பிற்பாடு ‘அப்படி எதுவும் சொல்லவே இல்லை’ என்று ஆகிவிடும். சொன்ன அன்றே, ‘இன்று காலை உங்களிடம் தெரிவித்தபடி’ என்று தொடங்கி நாலு வரி எழுதி அனுப்பிவிட வேண்டும். உள்ளே பலன் இல்லையென்றால் அடுத்தது நர்சிங் கவுன்சில், மருத்துவக் கவுன்சில், சுகாதாரக் கண்காணிப்பு அமைப்பு போன்ற அதிகாரம் உள்ள இடங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 நெறிமுறைப்படி, புகார் கிடைத்ததை 7 நாளுக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும். என்ன நடவடிக்கை என்பதைப் பொதுவாக மூன்று மாதத்துக்குள் சொல்ல வேண்டும். பத்திரிகைக்குப் போவது கடைசி வழி. அதற்கு நிபந்தனைகள் கடுமை. வாட்ஸ்அப் குழுவில் போடுவதோ புகாரே ஆகாது. நோயாளியின் ரகசியத்தை மீறினார் என்று நிர்வாகம் உங்கள் மேலேயே மெமோ கொடுக்க அது ஒன்று போதும்.

பெயர் போடாமல் எழுதினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்கள் டெக்சாஸின் விங்க்லர் கவுண்டியில் நடந்ததைப் பார்க்கட்டும். 2009-இல் ஆன் மிட்செல், விக்கிலின் கால் என்ற இரு நர்ஸுகள் ஒரு டாக்டரைப் பற்றி மாநில மருத்துவ வாரியத்துக்குப் பெயரில்லாமல் எழுதினார்கள். டாக்டரின் நண்பரான ஷெரிப் (கவுண்டியின் போலீஸ் தலைவர்) தேடுதல் வாரண்ட் வாங்கி, கணினியில் இருந்த கடிதத்தைக் கண்டுபிடித்தார். இருவருக்கும் வேலை போனது. கிரிமினல் வழக்கும் வந்தது. விக்கிலின் மீதான வழக்கைப் பிறகு கைவிட்டார்கள். 2010 பிப்ரவரியில் மிட்செலை விடுவிக்க ஜூரிக்கு ஒரு மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. இருவருக்கும் 7,50,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. அவர்கள் சரியான வாரியத்துக்கு எழுதியிருந்தார்கள், நோயாளிகளைப் பெயர் சொல்லாமல் கோப்பு எண்ணால் குறித்திருந்தார்கள். அவர்கள் பக்கத்துக்கு வலுச் சேர்த்தவை இவைதான். கடிதத்தில் பெயர் இல்லாதது எந்தப் பாதுகாப்பும் தரவில்லை.

பதிவு விஷயத்தில்தான் தவறுகள் அதிகம். கேஸ் ஷீட்டைப் போட்டோ எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோவது ஆபத்து. அமெரிக்காவில் நோயாளியின் ரகசியத்தைக் காக்கும் ஹிப்பா விதி, கண்காணிப்பு அமைப்புக்கோ தன் வக்கீலுக்கோ நோயாளியின் தகவலைக் கொடுக்க நர்ஸுக்கு விலக்கு தருகிறது. தோழிக்கோ நிருபருக்கோ கொடுக்க அந்த விலக்கு கிடையாது. சொந்த நோட்டில் தேதி, நேரம், ஷிப்ட், நடந்தது, உடன் இருந்தவர் என்று எழுதினால் போதும். கண்டதையும் காதில் விழுந்ததையும் கலக்காதீர்கள். ‘டாக்டர் அலட்சியக்காரர்’ என்பது உங்கள் கருத்து. ‘2:10-க்குக் கூப்பிட்டேன், 4:35-க்கு வந்தார்’ என்பதுதான் பதிவு. ஆஸ்பத்திரிக் கணினியிலும் ஆஸ்பத்திரி மெயிலிலும் இதை எழுத வேண்டாம்.

சொன்னது முழுக்க நிரூபணமாக வேண்டும் என்ற பயமும் தேவையற்றது. பிரிட்டனில் நியாயமான நம்பிக்கை இருந்தால் போதும். 2013 திருத்தத்துக்குப் பிறகு, நல்லெண்ணம் இல்லை என்றாலும் பாதுகாப்பு போகாது, இழப்பீட்டில் 25 சதவீதம் வரை குறையலாம், அவ்வளவே.

பழிவாங்கல் பெரும்பாலும் டிஸ்மிஸில் தொடங்குவதில்லை. தொடர்ந்து நைட் டியூட்டி, காரணமில்லாத வார்டு மாற்றம், ஆறு மாதம் முந்தைய தவறுக்குத் திடீர் மெமோ என்று ஒவ்வொன்றாக வரும். அதனால் புகார் கொடுப்பதற்கு முன்பே பழைய பணி மதிப்பீடுகளின் நகலை முறையாகக் கேட்டு வாங்கி வையுங்கள். நேற்றுவரை ‘மிகச் சிறப்பு’ என்று எழுதியவர்கள் இன்று ‘ஒழுங்கீனம்’ என்று எழுதினால், அந்தத் தேதிகளே சாட்சி பேசும். கலிபோர்னியாவில் புகார் கொடுத்த 120 நாளுக்குள் நடவடிக்கை வந்தால் அது பழிவாங்கல் என்றே சட்டம் அனுமானிக்கும். அப்படி இல்லை என்று காட்ட வேண்டியது நிர்வாகத்தின் வேலை.

கெடு தவறினால் எல்லாம் வீண். அமெரிக்காவில் பணியிடப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பழிவாங்கல் புகாருக்கு 30 நாள்தான். பிரிட்டனில் வேலைநீக்கத்துக்குப் பின் இடைக்கால நிவாரணம் கேட்க 7 நாள். நிர்வாகத்தின் உள்விசாரணை முடியட்டும் என்று காத்திருப்பவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

இந்தியாவில் புகார் கொடுப்பவர்களைப் பாதுகாக்க 2014-இல் நிறைவேறிய சட்டம் பொது ஊழியர்கள் மீதான புகார்களைப் பற்றியது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை பல ஆண்டுகளாக வராமலே கிடந்தது. தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ் அதை நம்பி இறங்க முடியாது. தொழிலாளர் சட்டம், பணி ஒப்பந்தம், சங்கம் இவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

ராஜினாமா செய்யச் சொல்லி, ‘இனி எங்கும் பேசமாட்டேன்’ என்ற தாளை நீட்டினால் அங்கேயே கையெழுத்துப் போடாதீர்கள். பாதுகாக்கப்பட்ட புகாரைத் தடுக்கும் ஷரத்து பிரிட்டனில் செல்லாது. வேறு இடங்களில் எப்படி என்பதை வக்கீல் படித்துப் பார்த்த பிறகு முடிவெடுக்கலாம்.