லீசிங் காரா, மொரிஸ் மைனரா?

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்தார்கள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே பேச்சு: லீசிங்கில் புதுக் கார். மனைவி கணக்கெல்லாம் போட்டு வைத்திருக்கிறார். நானோ மலையகத்து ஹட்டனில் விலைக்கு நிற்கும் ஒரு மொரிஸ் மைனரை, அந்தப் பழைய பிரித்தானியக் காரை, சுற்றிச் சுற்றி வருகிறேன்.

லீசிங் என்றால் முற்பணம், மாதத் தவணை, ஃபுல் இன்சூரன்ஸ். கடைசித் தவணை கட்டும் வரை பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் லீசிங் கம்பனிதான். பெட்ரோல் அடிப்பதும் கழுவுவதும் நாம்.

மைனருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் 1970களின் தொடக்கத்திலேயே உற்பத்தி நின்றுபோன வண்டி. கராஜ் பாஸ் கதவுக்குக் கீழே தகரத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் காட்டினார், பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. எங்கள் மழைக்கும் பனிக்கும் துருப் பிடிக்காவிட்டால்தான் அதிசயம்.

"இன்ஜின் நல்லாத்தான் இருக்கு அண்ணன். ரம்பொடை ஏத்தம்கூட ஏறிடும், இறக்கத்துலதான் யோசிக்கணும்" என்றார். நாலு சக்கரத்துக்கும் ட்ரம் பிரேக், அதுவும் சூடேறினால் சரியாகப் பிடிக்காது.

சரி, நான் மைனர் பக்கம்தான். மனைவியின் நிபந்தனை ஒன்றே: முதலில் பிரேக், அப்புறம்தான் பெயின்ட்.