எட்டு மணி நேரத்துக்கு அப்பால்

புதுச்சேரியின் கடலூர் சாலையில் மூடிக்கிடக்கும் ஏ.எஃப்.டி. பஞ்சாலையின் மதிலை ஒட்டித்தான் தினமும் அலுவலகம் செல்கிறேன். சென்ற மாதம் எங்கள் நிறுவனம் பணியாளர் நல வாரம் ஒன்றை நடத்தியது. மூச்சுப்பயிற்சி வகுப்பில் கண்களை மூடி எண்ணிக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் கைப்பேசி மூன்று முறை அதிர்ந்தது. மூன்றும், எங்களை அந்த வகுப்புக்கு அனுப்பிவைத்த மேலாளரின் செய்திகள். அவர் கெட்டவர் அல்லர்; அவருடைய கைப்பேசியும் அதேபோல் அதிர்ந்துகொண்டிருந்திருக்கும்.

இதே புதுச்சேரியில், 1936 ஜூலை 30 அன்று சவானா பஞ்சாலையில் தொழிலாளர் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர்கள் உயிரிழந்தனர். தொழிலாளர் தலைவர் வ. சுப்பையா முன்நின்ற அப்போராட்டத்தின் முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்றான எட்டு மணி நேர வேலை, மறு ஆண்டே பிரெஞ்சு அரசின் ஆணையாக வந்தது. அவர்கள் மன அமைதியைக் கேட்கவில்லை, நேரத்தைக் கேட்டார்கள் என்பதே என்னை நெடுநாளாக யோசிக்க வைக்கிறது. சங்கு ஊதி வெளியே வந்த பின், எஞ்சிய பதினாறு மணி நேரத்தில் ஒருவன் மகிழ்ந்தானா, அழுதானா, வெறுமனே திண்ணையில் கிடந்தானா என்பது ஆலையின் கவலை அன்று. ஆலைக்கு வேண்டியிருந்தவை கைகள். எங்கள் நிறுவனத்துக்கோ மனமும் வேண்டும்; அதனால்தான் மனம் பழுதுபட்டால் அதைச் சரிசெய்யும் செலவையும் தானே ஏற்கிறது. உழுகிற மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வைப்பதும் அக்கறைதான், ஆனால் அந்த அக்கறை ஏரிலிருந்து தொடங்குகிறது. (மாட்டைப் பிள்ளைபோல் வளர்க்கும் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இந்த உவமையை மன்னிக்க வேண்டும்.)

பணிச்சோர்வை உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டுப் பட்டியலில் விவரித்தபோது, அதை நோயென்று சொல்லாமல், முறையாகக் கையாளப்படாத தொடர் பணி அழுத்தத்தின் விளைவு என்றே குறிப்பிட்டது. காரணம் பணியிடத்தில் இருக்க, மருந்து மட்டும் என் மூச்சில் தேடப்படுவது ஏன்?

கடலூரில் என் அத்தை பல ஆண்டுகள் ஜவுளிக்கடையில் நின்றே வேலை பார்த்தவர். இரவில் வீங்கிய கால்களை வெந்நீரில் வைத்துக்கொள்வார். கடைப் பணியாளர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல்தான் சட்டம் வந்தது. அதைச் சொன்னபோது, "இப்பவாவது ஒரு ஸ்டூல் போட்டாங்களே" என்றார். மகிழ்ச்சி, நிறைவு என்ற பெரிய சொற்களைவிட அந்த ஸ்டூல் எனக்குத் தெளிவாகப் புரிகிறது. போட்டார்களா இல்லையா என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிடலாம்.

நல வாரம் மனநிறைவு தந்ததா என்று ஐந்துக்கு மதிப்பெண் கேட்டு ஒரு படிவம், சனிக்கிழமை இரவு 9.40 மணிக்கு வந்தது. திங்கள் காலை இருக்கையில் அமர்ந்த பிறகே அதைத் திறந்தேன். அதற்குள் இரண்டு நினைவூட்டல்கள் வந்திருந்தன.