ஐப்பசி மழை, 11 எம்பி

அக்டோபர் 27, திங்கள்

நம்ம ஆஸ்பத்திரி சர்வர்ல உள்ள ஸ்கேன் படமெல்லாம் நாஸுக்கு, அதான் நகல் வைக்குற டிஸ்க் பெட்டிக்கு, போகட்டும்னு சனிக்கெழம ராத்திரி 9 மணிக்குப் போட்ட ஃபுல் பேக்கப் இன்னும் ஓடிக்கிட்டு கெடக்கு. பாதி கூட தாண்டல. செகண்டுக்கு 11.2 எம்பி (மெகாபைட்டு), பொறவு 11.1, திரும்பவும் 11.2. ஏறவும் மாட்டேங்கு, எறங்கவும் மாட்டேங்கு.

அக்டோபர் 28, செவ்வாய்

நிப்பாட்டிட்டேன். பகல்ல இது ஓடுனா பழைய படம் தொறக்க மாட்டேங்குன்னு சிடி ஸ்கேன் ரூம் அக்கா வந்து சத்தம் போட்டுட்டுப் போறாவ, அவங்களையும் குத்தம் சொல்ல முடியாது, வெளிய பெஞ்சு நெறைய ஆளு. 3 டெராபைட்டு இந்த வேகத்துல போனா மூணு நாளு தாண்டும். அது வரைக்கும் பழசு புதுசு எந்த ஸ்கேனுக்கும் முழுசா வேற நகலே கெடையாது. ராத்திரி படுத்தா இதான் ஓடுது மனசுல. 2023 டிசம்பர் வெள்ளத்துல திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் தண்ணி எப்பிடி நின்னுச்சுன்னு பாத்தவங்களுக்குத் தெரியும், கலெக்டர் ஆபீஸுக்குள்ளயே தண்ணி. நம்ம சர்வர் ரூம் இன்னும் கீழதான இருக்கு. மாடிக்கு மாத்தணும்னு எழுதிக் குடுத்தது ஏசி லைன், கரண்ட் லைன்னு அப்பிடியே நிக்கி.

அக்டோபர் 29, புதன்

மழை. ராத்திரி திரும்பப் போட்டேன். 11.2.

அக்டோபர் 30, வியாழன்

இந்த 11 சும்மா வார நம்பர் இல்ல. டிஸ்க் கெட்டிருந்தா வேகம் ஏறி எறங்கித் தடுமாறும், இது அசையாம நிக்கி. 100 மெகாபிட்ட எட்டால வகுத்தா 12.5 மெகாபைட்டு, டேட்டா பாக்கெட்டுக்கு மேல சேர்ற முகவரி மாதிரி சங்கதியெல்லாம் போக 11 சொச்சம். அப்பம் எங்கயோ கிகாபிட் லைன் 100க்கு எறங்கிருக்கு. நாஸ் வித்த ஆளுக்கு போன் போட்டா "நூறு வருதுல்லா சார், பொறவு என்ன"ங்கான். அவன் சொல்லுதது பிட்டு, எனக்கு வேண்டியது பைட்டு. லைன் வேகத்த அளக்குற ஐபெர்ஃப் போட்டேன், 94 மெகாபிட். லைன் எதுல நிக்கின்னு சொல்லுத எத்டூல், சர்வர்ல இருந்து ஸ்விட்ச் வரைக்கும் 1000ன்னு காட்டுது. ஸ்விட்ச்ல இருந்து நாஸ் பக்கம் 100.

கிகாபிட்டுக்கு கேபிள்ல நாலு ஜோடியும் வேணும், எட்டு கம்பி. 100க்கு ஆரஞ்சும் பச்சையும் போதும். நீலத்துலயோ பழுப்புலயோ ஒத்த கம்பி விட்டாலும் அந்த கேபிளோட ரெண்டு பக்கமும் தானா 100க்கு எறங்கிக்கிடும், லைட்டு எரியும், படம் தொறக்கும், எர்ரர் ஒண்ணும் வராது. அதான் ஒருத்தர் கண்ணுலயும் படல.

அக்டோபர் 31, வெள்ளி

கூட வேல பாக்குற தம்பி கேபிள் டெஸ்டர் மாட்டுனான், 7ம் நம்பர் கம்பிக்கு உள்ள லைட்டு எரியல. சுவத்துப் பெட்டியத் தொறந்தா உள்ள பச்சைக் களிம்பு. அந்த வெள்ளத் தண்ணி தான், வேற என்ன. பெட்டியே வேண்டாம்னு புது கேட்-6 கேபிள் எடுத்து சீலிங் வழியா இழுத்தாச்சு. ஐபெர்ஃப் 940! தம்பிக்குப் பரோட்டா வாங்கிக் குடுத்தேன்.

நவம்பர் 1, சனி

108 எம்பி. 108ன்னு ஓடுது.

நவம்பர் 2, ஞாயிறு

விடியக்காலம் வந்து பாத்தா 19. தலையில கை வச்சு உக்காந்துட்டேன். மொதல்ல ஓடுனது எக்கோ (இதய ஸ்கேன்) வீடியோ, பெரிய பெரிய ஃபைல். அது முடிஞ்சு சிடி ஃபோல்டருக்குள்ள நொழஞ்சதும் விழுந்துட்டு. ஒரு ஸ்லைஸ், அதான் சிடில ஒத்தப் படம், 512க்கு 512 புள்ளி, புள்ளிக்கு ரெண்டு பைட்டு, அரை எம்பி. ஒரு ஆளுக்கு அது நூத்துக்கணக்குல. மொத்தம் லட்சக்கணக்கான குட்டி ஃபைல், ஒவ்வொண்ணையும் தொறந்து பேரு எழுதி மூடணும், இடையில ஆன்டிவைரஸ் வேற ஒவ்வொண்ணையும் மோந்து பாக்கும். ரோடு அகலமானா என்ன, வாசல்ல ஒவ்வொருத்தரா நிப்பாட்டிச் சோதிச்சா கூட்டம் எப்பம் நகர?

நவம்பர் 3, திங்கள்

சேரன்மாதேவில இருந்து ஒரு அண்ணன் அவங்க அம்மாவக் கூட்டிட்டு வந்தாவ. வீட்டுல இருந்த ஃபிலிமெல்லாம் வெள்ளத்துல போயிட்டு. 2022ல எடுத்த நெஞ்சு சிடியப் பாத்தாத்தான் நுரையீரல்ல உள்ள அந்தப் புள்ளி வளந்திருக்கா இல்லையான்னு சொல்ல முடியும்னு டாக்டரம்மா சொன்னாவ. சர்வர்ல இருந்துச்சு. வளரலயாம். அந்த அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டாவ. எனக்கு என்ன பேசன்னு தெரியல, அந்தப் படம் ஒரே எடத்துல தான் இருந்துச்சு.

நவம்பர் 5, புதன்

பழைய படம் மாறாது, அத எதுக்கு ஒத்தை ஒத்தையா அனுப்பணும்? ஒரு ஆளோட ஸ்கேன் பூராவும் ஒரே டார் ஃபைலா, மூட்டை மாதிரி, கட்டி அனுப்புத மாதிரி ஸ்கிரிப்ட் எழுதினேன். பேக்கப் ப்ரோகிராம் படிக்கும்போ மட்டும் ஆன்டிவைரஸ் தலையிடாம விலக்கு, மத்தபடி அது காவல் காக்கட்டும். வேகம் இப்பம் 70, 78, 74.

நவம்பர் 7, வெள்ளி

ஆத்துல தண்ணி கூடுதுன்னு பேசிக்கிடுதாவ.

நவம்பர் 9, ஞாயிறு

ராத்திரி 9க்குப் போட்டது காலைல 8க்கெல்லாம் முடிஞ்சுட்டு. ஆனா வெளிய கொண்டு போற டிஸ்க் கழுத்தறுக்கு. 150ல ஆரம்பிச்சு கொஞ்ச நேரத்துல 15க்கு வந்துட்டு. எஸ்எம்ஆர் டிஸ்க். தடமெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இருக்கும், ஒண்ண மாத்தணும்னா பக்கத்துல உள்ளதையும் சேத்துத் திரும்ப எழுதணும், கேஷ்னு தற்காலிகமா வாங்கி வைக்குற எடம் இருக்க வரைக்கும் பறக்கும், நெறஞ்சதும் படுத்துரும். அட்டையில ஒரு வார்த்த போட்டிருக்கக் கூடாதா, விலையும் பெருசா ஒண்ணும் கொறையல. தடம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாத சிஎம்ஆர் தான் வேணும்னு, கையெழுத்துப் போடுற அண்ணாச்சிட்ட எழுதிக் குடுத்தேன். "ரெண்டு நகல் இருக்குல்லா, மூணாவது எதுக்கு"ன்னு கேட்டாவ. ரெண்டும் ஒரே கட்டடத்துல இருக்கு அண்ணாச்சி, வெள்ளம் வரும்போ ஆத்துக்குள்ள இருக்க குறுக்குத்துறை முருகன் கோவில்ல உற்சவர மேலக்கோவிலுக்குக் கொண்டு போயிருவாவல்லா, அதே கதை தான்னு சொன்னேன். பேசாம கையெழுத்துப் போட்டுட்டாவ.

நவம்பர் 10, திங்கள்

பேக்கப்ல இருந்து ஒரு பழைய வயித்து சிடிய வேற கம்ப்யூட்டர்ல எறக்கித் தொறந்து பாத்தோம். ஒரு ஸ்லைஸ் கூட விடல, டாக்டரம்மாவும் பாத்துட்டாவ. இனி வாரா வாரம் ஒண்ணு இப்பிடித் தொறந்து பாக்கணும், தம்பி பேர்ல போட்டிருக்கேன். புது டிஸ்க் நாளைக்கு வருது. பாளையங்கோட்டைல வைக்க பூட்டு உள்ள பீரோ யாருட்ட இருக்குன்னு கேக்கணும், டிஸ்க்கத் தொறக்குற என்கிரிப்ஷன் சாவி அண்ணாச்சிட்ட தனிக் கவர்ல குடுக்கணும்.