சனிக்கிழமை 275, ஞாயிற்றுக்கிழமை 345

பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் ‘வீசிங்’. ஆஸ்துமா என்ற சொல்லை யாரும் வாயில் எடுத்ததில்லை. “ஆஸ்துமா எல்லாம் இல்லீங்க, பனிக்காலத்துல கொஞ்சம் வீசிங் வரும், அவ்ளோதான்” என்று அம்மா சொந்தக்காரர்களிடம் சொல்வார். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் காதுக்குப் போய்விடக் கூடாதாம். எனக்கு அப்போது வயது பதினைந்து.

இழுப்பு வந்தால் ராத்திரி பைக்கில் நடுவில் உட்கார வைத்து ஏதாவது ஒரு கிளினிக்குக்குக் கூட்டிப் போவார்கள். நெபுலைசர் வைப்பார்கள், கை கொஞ்சம் நடுங்கும், மூச்சு சரியாகும், வீட்டுக்கு வந்து தூங்கிவிடுவேன். மறுநாள் யாரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள். அடுத்த தடவை வரும் வரை நான் நோயாளி இல்லை.

அப்பா திருப்பூரில் சின்னதாக ஒரு நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். ஆறு மிஷின். நான்தான் மூத்தவள், தம்பிக்குப் படிப்பே ஓடாது. அதனால் அப்பாவின் கணக்கில் நான் டெக்ஸ்டைல் படித்துவிட்டு யூனிட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எனக்கும் அதில் ஆசைதான். பத்தாவது பரீட்சை முடிந்ததும், “லீவுல வந்து பழகு அம்மிணி” என்றார். போனேன். டியூப் லைட் மேலெல்லாம் பூனை மயிர் மாதிரி பஞ்சு படிந்திருக்கும். சாயங்காலம் மிஷினை நிறுத்திவிட்டு ஏர் கன்னால் அடித்துச் சுத்தம் செய்வார்கள். அந்தப் பத்து நிமிடம் எதிரில் நிற்பவர் முகமே மங்கலாகத்தான் தெரியும்.

இரண்டாவது வாரம் படி ஏற முடியவில்லை.

இந்த முறை கோயமுத்தூரில் ஒரு நுரையீரல் டாக்டரிடம் போனோம். ஒரு குழாயை வாயில் வைத்து, இருக்கிற காற்றையெல்லாம் ஒரே மூச்சில் வேகமாக ஊதச் சொன்னார்கள். பிறகு நீல இன்ஹேலரில் நாலு பஃப். கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதினேன். முதல் நொடியில் வெளியே வந்த காற்றின் அளவு முன்னைவிட 19 சதவீதம் கூடியிருந்தது. 12 சதவீதத்துக்கு மேல், கூடவே 200 மில்லியும் தாண்டி ஏறினால், சுருங்கிய மூச்சுக்குழாய் மருந்துக்குத் திறக்கிறது என்று அர்த்தமாம். “இது ஆஸ்துமாம்மா” என்று டாக்டர் சொன்னபோது அம்மா கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தார்.

தினமும் காலையும் மாலையும் இழுக்க ஒரு இன்ஹேலர் எழுதினார். அதில் ஸ்டீராய்டு என்று தெரிந்ததும் வீட்டில் ரகளை. “பழகிடும்”, “உடம்பு ஊதிடும்.” டாக்டரின் பதில் எனக்குப் பிடித்திருந்தது: “நீங்க ராத்திரி ராத்திரி கூட்டிட்டுப் போனப்போ குடுத்த மாத்திரையும் ஸ்டீராய்டுதாங்க. அது மில்லிகிராம், இது மைக்ரோகிராம்.” இழுத்தபின் வாய் கொப்பளிக்க மறந்தால் நாக்கில் வெள்ளை படியும். அதை மட்டும் நான் அனுபவித்தே தெரிந்துகொண்டேன்.

யூனிட்டைப் பற்றி நான் சொன்னதும் ஒரு பீக் ஃப்ளோ மீட்டர் வாங்கச் சொன்னார். ஊதும் காற்று நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வேகத்தில் வருகிறது என்று காட்டும், முள் நகரும் பிளாஸ்டிக் குழல், அவ்வளவுதான். நின்றுகொண்டு மூச்சை நிறைய இழுத்து ஒரே அடியாக ஊத வேண்டும். மூன்று முறை ஊதி, அதில் அதிகமானதை எழுத வேண்டும். ஒரு நாளைக்கு நாலு தடவை, நாலு வாரம். “வேலைக்குப் போற நாளும் இருக்கணும், போகாத நாளும் இருக்கணும். 220க்குக் கீழ போனா எழுதிட்டு உக்காந்திருக்காதே, உடனே வந்துடு.”

மஞ்சள் அட்டை போட்ட நாற்பது பக்க நோட்டு. இன்னும் என்னிடம் இருக்கிறது. திங்கள் சாயங்காலம் 310. புதன் 295. சனிக்கிழமை 275. ஞாயிறு வீட்டில் இருந்தால் 345. நாலாவது வாரம் கோபியில் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டில் இருந்தபோது 370, மூன்று நாள் தொடர்ந்து. அங்கே அம்மாயி நோட்டைப் பார்த்துவிட்டு, “நான் ஸ்பின்னிங் மில்லுக்குப் போனப்போ திங்கக்கெழமைன்னா நெஞ்சு அமுக்கும் கண்ணு, செவ்வாய் புதன் ஆனா லேசாயிரும்” என்றார். மில்லில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்தாராம்.

டாக்டரிடம் அதையும் சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “அது பிசினோசிஸ், பஞ்சுத் தூசியால வர்ற நுரையீரல் நோய். லீவு முடிஞ்சு போற முதல் நாள்தான் அதுல மோசமா இருக்கும். உனக்கு சனிக்கிழமைதான் மோசம். ஒரே பஞ்சு, வேற வேற நோய்.”

அதன் பிறகு வேலை தேடும் படலம். சரி, பஞ்சு வேண்டாம், சாய லேபுக்குப் போகிறேன் என்றேன். ரியாக்டிவ் சாயப் பொடியும் ஆஸ்துமாவைக் கிளப்பும் என்றார். பேக்கரி? கோதுமை மாவுத் தூசி. பியூட்டி பார்லர்? தலைமுடி பிளீச் பவுடர். எலக்ட்ரானிக்ஸ் என்றேன், சால்டரிங் புகை என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. என்னோடு படித்த ஒருவன் ராணுவ அதிகாரி பயிற்சிக்கான என்.டி.ஏ. தேர்வு எழுதத் தயாராகிக்கொண்டிருந்தான், அவனுக்கும் சின்ன வயதிலிருந்தே வீசிங். ராணுவ மருத்துவத் தேர்வில் திரும்பத் திரும்ப வரும் ஆஸ்துமா நிராகரிப்புக்குக் காரணம் என்பதை இரண்டு வருடம் கோச்சிங் போனபின்தான் பார்த்தான். அதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

ஆனால் டாக்டர் எதையும் ‘படிக்காதே’ என்று சொல்லவில்லை. “வேலையோட பேரைக் கேக்காதே. எட்டு மணி நேரம் எந்தக் காத்தை இழுக்கப் போறேன்னு கேளு” என்றார். ஓட்டப் பந்தய வீராங்கனை பவுலா ராட்கிளிஃப் கதையையும் சொன்னார். 14 வயதில் ஆஸ்துமா என்று தெரிந்தவர், 2003 லண்டன் மாரத்தானை 2 மணி 15 நிமிடம் 25 நொடியில் ஓடி உலக சாதனை வைத்தவர். அது கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அவர் ஓடியது ரோட்டில், நிட்டிங் யூனிட்டில் இல்லையே.

பிளஸ் ஒன்னில் கணக்கு–கம்ப்யூட்டர் குரூப் எடுத்தேன். கல்லூரிகளின் ஓப்பன் டேக்குப் போனால் மற்றவர்கள் பிளேஸ்மென்ட் கேட்பார்கள், நான் லேபில் எக்ஸாஸ்ட் இருக்கிறதா என்று கேட்பேன். ஒரு கல்லூரியில் காட்டச் சொன்னேன். ஃபேன் இருந்தது, ஒயர் இல்லை. போன வருடம் இன்ஜினியரிங் சேர்க்கைக்கான டி.என்.இ.ஏ. கவுன்சலிங் வந்தது. 200க்கு 181 கட் ஆஃப். ஃபேஷன் டெக்னாலஜியை முதலில் போட்டேன், கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிற வேலையை மனதில் வைத்து. துணியை விட மனசு வரவில்லை, பஞ்சை விட்டுவிட்டேன்.

சாய்ஸ் ஃபில்லிங் முடித்த அன்று ராத்திரி அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். யூனிட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “அந்தக் கொழாயக் குடு, நானும் ஊதிப் பாக்கறேன்” என்றார். சிகரெட்டைத் தொட்டே பார்க்காத மனுஷன். நின்று, மூச்சை இழுத்து, மூன்று முறை ஊதினார். அவர் வயசுக்கும் உயரத்துக்கும் அட்டவணையில் 550க்கு மேல் போட்டிருந்தது. முள் 390இல் நின்றது.

“மீட்டர் ரிப்பேர்” என்றார் அப்பா.

நான் வாங்கி ஊதினேன். 365. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி அவர் பெயரை எழுதினேன். மறு வாரம் யூனிட்டில் ஏர் கன் இருந்த இடத்தில் ஒரு வேக்குவம் கிளீனர் நின்றது. டாக்டரிடம் போகத்தான் இன்னும் நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்.